நடவு இடுப்பு வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வயிற்று எரிச்சல்: அம்மாவுக்கு என்ன சொல்வது?

வெண்ணாற்றங்கரை | ஜூன் 24, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். ஊர் நீடாமங்கலம் பக்கம். நான் திருப்பூரில் வேலையில் இருக்கிறேன், அம்மா ஊரில். வயது 58. மேட்டூர் திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டியதும் குறுவை நடவு தொடங்கிவிட்டது. பாதி வயலில் மிஷின் இறங்கினாலும் மூலைமுடுக்குக்கும் சேறு ஆழமான இடத்துக்கும் இன்னும் ஆள் நடவுதான். அம்மா அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஒன்பது நாளாக விடாமல் குனிந்து நடுகிறார்.

காலை ஐந்தரைக்கு ஒரு டீ, அதோடு வலி மாத்திரை, அப்படியே வயலுக்குப் போய்விடுவார். சாப்பாடு பத்தரைக்கு மேல் வரப்பில்தான். சாயங்காலம் வந்து குளித்துவிட்டு இன்னொரு வேளை மாத்திரை. நாலு நாளாக நெஞ்சு கரிக்கிறது, மேல்வயிறு எரிகிறது என்கிறார். மாத்திரையை விட்டுவிடுங்கள் என்றால் "விட்டுட்டு நாளைக்கு எப்படிடா குனியறது?" என்கிறார். என்னிடம் பதில் இல்லை.

சாப்பிட்டுவிட்டுப் போட்டால் சரியாகிவிடுமா? கூடவே கேஸ் மாத்திரை போடலாமா? அம்மாவுக்கு பிரஷர் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து தரும் அம்லோடிபின், எனலாபிரில் இரண்டும் சாப்பிடுகிறார்.

பாமணி | ஜூன் 24, இரவு 9.31

நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள். எல்லாம் சரியாகும்.

கும்பகோணம்_டிகிரி | ஜூன் 24, இரவு 9.48

நானும் அப்படித்தான் நினைத்தேன் பாமணி. போன முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம், பந்தி பரிமாறி முதுகு விட்டுப்போனது. விருந்துச் சாப்பாடு முடித்துத்தான் காம்பிஃப்ளாம் போட்டேன், மேலே ஒரு டிகிரி காபி. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறேன், நெஞ்சுக்குள் யாரோ வத்தல் வறுக்கிற மாதிரி. வயிறு நிறைய சாப்பிட்டும் இதுதான் கதி. (காபியைக் குறை சொல்ல மாட்டேன், ஊர் மானம்.)

கவுண்டருக்குப்_பின்னால் | ஜூன் 24, இரவு 10.20

வெண்ணாற்றங்கரை தம்பி, திருவாரூர் பக்கம் 22 வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். டாக்டர் இல்லை, மருந்தாளுநர். பதில் சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். மாத்திரைப் பெயர் என்ன? அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

"வலி மாத்திரை" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு தனித்தனிக் குடும்பம். ஒன்று பாராசிட்டமால்: டோலோ, குரோசின், கால்பால் எல்லாம் அதுதான். சொன்ன அளவோடு நின்றால் வயிற்றுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, வெறும் வயிற்றில்கூடப் போடலாம். இன்னொன்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன், ஆஸ்பிரின் கூட்டம். வயிற்றைப் புண்ணாக்குவது இந்தக் கூட்டம்தான். காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325, இரண்டும் சேர்ந்து இருக்கிறது. அதனால்தான் கும்பகோணத்துக்காரருக்கு வத்தல் வறுபட்டது.

வெண்ணாற்றங்கரை | ஜூன் 25, காலை 7.05

அட்டையே இல்லை அண்ணே. இப்போதுதான் தங்கையை வீடியோவில் காட்டச் சொன்னேன். நாள்காட்டித் தாளைக் கிழித்து மடித்த பொட்டலம். ஒன்றைப் பிரித்தால் நாலு மாத்திரை. நீளமாக ஒரு வெள்ளை, மஞ்சளில் ஒன்று, குன்றிமணி அளவில் சின்னதாக ஒன்று, நாலாவது பாதியாக உடைத்தது. கடையில் "உடம்பு வலிக்கு ஒரு செட்" என்று கேட்டால் கட்டிக் கொடுத்துவிடுவார்களாம். வேளைக்கு ஒரு செட். நடவு நாளில் கோஷ்டி முழுக்க இதைத்தான் சாப்பிடுகிறார்களாம். ஒருவர் போய் எல்லோருக்கும் சேர்த்து வாங்கி வருவார்.

கவுண்டருக்குப்_பின்னால் | ஜூன் 25, பிற்பகல் 1.40

நினைத்தேன். "செட்" என்ற சொல்லை என் கவுண்டரில் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது சொல்வார்கள். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போவார்கள். கொடுக்கிற கடைகளைப் பற்றி என் தொழிலுக்குள் இருந்துகொண்டு சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பார்வையை வைத்து எந்த மாத்திரையையும் சொல்ல முடியாது, நிறமும் அளவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் செட்டில் வழக்கமாக என்ன கட்டுவார்கள் என்று சொல்லலாம். டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் ஒன்று. சில நேரம் ஐபுப்ரோஃபென் அதன் மேல் இன்னொன்று. ஒரு கேஸ் மாத்திரை. அப்புறம் அந்தச் சின்ன மாத்திரை. பல செட்டுகளில் அது டெக்ஸாமெத்தசோனோ பெட்டாமெத்தசோனோ, அதாவது ஸ்டீராய்டு. போட்ட அரைநாளில் உடம்பு பஞ்சு மாதிரி ஆகிறது, பசி எடுக்கிறது, முகத்தில் தெம்பு வருகிறது என்பார்கள். கடைக்காரர் "கைராசி" என்று பேர் வாங்குவார், அது ஸ்டீராய்டின் ராசி. அது சர்க்கரையையும் பிரஷரையும் ஏற்றும். வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றுப் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் போதுமா? எரிச்சல் சிலருக்குக் குறையும், அதனால் நானும் சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்லித்தான் கொடுக்கிறேன். ஆனால் புண் வருவதை அது தடுக்காது. மாத்திரை வயிற்றில் பட்டதால் மட்டும் வரும் புண் இல்லை இது. வயிற்றுக்குள் ஊறும் அமிலம் நம் தசையையே அரிக்கக் கூடியது. உட்சுவரில் வழவழப்பாக ஒரு பூச்சு இருப்பதால்தான் தப்பிக்கிறோம். அந்தப் பூச்சை ஓயாமல் பூசச் சொல்லி ஏவுவது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். இடுப்பில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பிவிடுவதும் அதே வகைப் பொருள்தான். மாத்திரை ரத்தத்தில் கலந்து இரண்டு இடத்திலும் அதை நிறுத்திவிடுகிறது. இடுப்பு வலி குறைகிறது, வயிற்றில் கொத்தனார் வேலைக்கு வருவதில்லை. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் என்பவர் 1971இல் கண்டுபிடித்தார், 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதற்கு முன் முக்கால் நூற்றாண்டாக உலகம் காரணம் தெரியாமலே விழுங்கிக்கொண்டிருந்தது.

இதனால்தான் "மாத்திரைதானே வயிற்றைக் கெடுக்கும், ஊசி போட்டுக்கொள்கிறேன்" என்பதும் கதைக்கு உதவாது. டைக்ளோஃபெனாக் ஊசி இடுப்பில் ஏறினாலும் ரத்தம் வழியாக வயிற்றுக்குத்தான் வரும். குடலில் கரையும்படி மேல்பூச்சு போட்ட மாத்திரையும் அப்படியே. எரிச்சல் குறையலாம், புண் குறையாது.

அந்தக்கால_ஆள் | ஜூன் 25, பிற்பகல் 3.15

எல்லாவற்றையும் பயமுறுத்தியே சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் இருபது வருஷமாக அறுவடைக்கு அறுவடை செட் வாங்கித்தான் சாப்பிடுகிறோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூலி வேலைக்காரன் டாக்டரைப் பார்க்க ஒரு நாள் போனால் அன்றைய கூலி போச்சு. அதையும் பேசுங்கள்.

மன்னார்குடி_மருமகள் | ஜூன் 25, மாலை 6.50

ஐயா, கூலி பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. "ஒன்றும் ஆகவில்லை" என்பதற்கு மட்டும் எங்கள் அத்தை கதையைச் சொல்கிறேன்.

அத்தைக்கு 63 வயது. மூட்டு வலி. ஒரு வருடமாகச் செட் மாத்திரை, வாரத்தில் நாலைந்து நாள். வயிறு வலிக்கிறது, எரிகிறது என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. அதனால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. மலம் கருப்பாகப் போயிருக்கிறது. ரத்தச்சோகைக்குச் சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்ததால், இரும்பு மாத்திரைக்கு அப்படித்தான் போகும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். இதையெல்லாம் மருமகளிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் வேறு.

கழிவறை கழுவப் போனபோது நான்தான் பார்த்தேன். தார் மாதிரி, பளபளவென்று, நாலு வாளி தண்ணீர் ஊற்றியும் பீங்கானை விட்டுப் போகவில்லை. நாற்றமும் வழக்கமான நாற்றம் இல்லை. மறுநாள் காலை திண்ணைப் படி ஏறும்போது கண்ணைக் கட்டி உட்கார்ந்துவிட்டார். நாக்கை நீட்டச் சொன்னால் சுண்ணாம்பு அடித்த சுவர். 108ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஹீமோகுளோபின் 6. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோப்பியில் வயிற்றில் இரண்டு புண். "வலி தெரிந்திருக்காதே?" என்று அந்த டாக்டரே கேட்டார். வலியைக் கொல்லும் மாத்திரை புண்ணின் வலியையும் மறைத்துவிடுமாம்.

அன்றைக்கு வயலுக்குப் போக முடியாத கூலி ஒரு நாளுக்கு இல்லை ஐயா, மூன்று வாரத்துக்கு. கூட இருந்து பார்த்த என் கூலியும் சேர்த்து.

கவுண்டருக்குப்_பின்னால் | ஜூன் 25, இரவு 9.00

வெண்ணாற்றங்கரை, இதை அம்மாவிடம் கேட்டே ஆக வேண்டும். கூச்சப்படுவார், தங்கையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரைக்கு மலம் கருக்கும், ஆனால் இப்படித் தார் மாதிரி ஒட்டாது, அந்த நாற்றமும் அடிக்காது. அப்படிப் போனாலும், வாந்தியில் காபித்தூள் மாதிரி வந்தாலும், எழுந்தால் கண் இருட்டினாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

அந்தக்கால ஐயாவுக்கு: எல்லோருக்கும் வராது என்பது உண்மை. 60 தாண்டியவர்கள், முன்பே அல்சர் வந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ஸ்டீராய்டு சேர்பவர்கள், குடிப்பவர்கள், புகைப்பவர்கள்: முதலில் இவர்களுக்குத்தான் வரும். நம் ஊரில் இந்தப் பட்டியலில் ஒன்றிலும் இல்லாத ஆளைத் தேடினால்தான் தெரியும்.

நண்பனுக்காகக்_கேட்கிறேன் | ஜூன் 25, இரவு 9.22

சாயங்காலம் ஒரு கட்டிங் போட்டுவிட்டு டோலோ போடலாமா? நண்பன் கேட்கிறான்.

கவுண்டருக்குப்_பின்னால் | ஜூன் 25, இரவு 9.30

நண்பனின் கல்லீரலிடமும் கேட்டுச் சொல்லுங்கள். தினமும் குடிக்கிற ஆளுக்கு பாராசிட்டமாலில் ஆபத்து அங்கேதான். ஐபுப்ரோஃபென் போட்டால் வயிற்றில்.

மாயவரம்_67 | ஜூன் 26, காலை 8.15

எனக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. ஈகோஸ்பிரின் 75 தினமும். பல் வலிக்கு நேற்று காம்பிஃப்ளாம் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் கை நடுங்குகிறது. போடலாமா?

கவுண்டருக்குப்_பின்னால் | ஜூன் 26, காலை 8.40

பிரிக்காமல் அப்படியே வையுங்கள் சார். ஈகோஸ்பிரின் என்பதும் ஆஸ்பிரின்தான், 75 மில்லிகிராமே ஆனாலும் வயிற்றுப் பூச்சைக் கொஞ்சம் குறைத்துத்தான் வைத்திருக்கும். அதன் மேல் ஐபுப்ரோஃபென் சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். இன்னொரு சிக்கலும் உண்டு: ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களில் ஆஸ்பிரின் உட்கார வேண்டிய நாற்காலியில் ஐபுப்ரோஃபென் முந்திப் போய் உட்கார்ந்துவிடும். ஸ்டென்டுக்காகச் சாப்பிடுகிற மருந்து வேலை செய்யாமல் போகலாம். பல்லுக்கு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இன்றே பல் டாக்டரைப் பாருங்கள், ஈகோஸ்பிரின் சாப்பிடுவதை முதலிலேயே அவரிடம் சொல்லுங்கள். வயிற்றுக்குப் பயந்து ஈகோஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிட ஆபத்து.

வெண்ணாற்றங்கரை | ஜூன் 26, இரவு 8.30

தங்கை கேட்டுவிட்டாள். மலம் சாதாரணமாகத்தான் போகிறதாம், அப்பாடா. நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போகச் சம்மதித்திருக்கிறார், கூட தங்கை போகிறாள். அதுவரை வலிக்கு என்ன போடலாம்? கேஸ் மாத்திரை பற்றியும் சொல்லுங்கள் அண்ணே.

கவுண்டருக்குப்_பின்னால் | ஜூன் 26, இரவு 10.05

நல்லது. ஒரு பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள், டாக்டர் பார்க்கட்டும். ஒவ்வொரு நடவுக்கும் அறுப்புக்கும் எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போன உடம்பில் அதைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் இறங்கி ஆள் சுருண்டுவிடுவார், டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒன்பது நாள் மட்டும் என்றால் பொதுவாக அந்தப் பயம் இல்லை.

அதுவரை பாராசிட்டமால். 650 என்றால் ஒரு வேளைக்கு ஒன்று, ஆறு மணி நேர இடைவெளி, உங்கள் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு மூன்றோடு நிறுத்துங்கள். நல்ல உடம்புக்காரருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை. ஏழாவது 650 போட்டால் எல்லை தாண்டிவிடும். பெரும்பாலானவர்கள் தவறுவது கணக்கில்தான்: காலையில் டோலோ, மதியம் சளிக்கு ஒரு மாத்திரை, இரவு உடம்பு வலிக்கு இன்னொரு பெயரில் ஒன்று. மூன்றிலும் பாராசிட்டமால். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும். வயிறு எரியாது என்பதால் தெரியாமலே கல்லீரல் கெடும்.

கேஸ் மாத்திரைக்கு வருவோம். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை நிஜமாகவே புண்ணைத் தடுக்கும், டாக்டர்களே வலி மாத்திரையோடு எழுதித் தருகிறார்கள். ஆனால் நம் ஆட்கள் அதை வலி மாத்திரையோடு ஒரே வாயில் போட்டு, மேலே டீயை ஊற்றிக்கொள்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டியது அது. பழைய சோறு கரைத்துக் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதற்கு அரை மணி முன்னால். ஜெலுசில், டைஜீன் எல்லாம் அந்த நேரத்து எரிச்சலை அடக்கும், அவ்வளவுதான். பூச்சு திரும்ப வராது. எரிச்சல் அடங்கிவிட்டதே என்று வலி மாத்திரையைத் தொடர்வது, வரப்பு உடைந்த இடத்தைப் பார்க்காமல் மடையை அடைப்பது போல.

கேஸ் மாத்திரை சிறுநீரகத்தைக் காப்பாற்றாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா விஷயத்தில் எனக்கு வயிற்றைவிட இதுதான் கவலை. எனலாபிரில் சாப்பிடுகிறார், வெயிலில் குனிந்து வேர்த்து, நீர் வற்றி நிற்கிறார், அதன் மேல் டைக்ளோஃபெனாக். மூன்றும் ஒன்று சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையும். பிரஷர் மாத்திரையின் வேலையையும் வலி மாத்திரை குறைத்துவிடும். வயலுக்குப் போகும்போது மோரோ நீராகாரமோ தூக்கில் எடுத்துப் போகட்டும்.

பாமணி | ஜூன் 26, இரவு 10.30

என் நாலு இட்லியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கும்பகோணம்_டிகிரி | ஜூன் 27, காலை 6.20

வாங்காதீர்கள், எனக்கு அனுப்புங்கள். அண்ணே, டைக்ளோஃபெனாக் ஜெல் தடவுகிறேனே, அதுவும் வயிற்றுக்குப் போகுமா?

கவுண்டருக்குப்_பின்னால் | ஜூன் 27, காலை 9.10

மிகக் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். மூட்டு வலிக்கு முதலில் அதைத் தடவிப் பார்ப்பது நல்ல வழி. முழங்கால், கை மணிக்கட்டு மாதிரி எலும்பு மேலாக இருக்கிற இடத்தில் நன்றாகக் கேட்கும், இடுப்பில் அவ்வளவு கேட்காது. தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள்.

யாருக்கும் மாத்திரை போட்டே ஆக வேண்டிய நிலை என்றால்: ஐபுப்ரோஃபென் 200இல் தொடங்குங்கள், வேலை செய்தால் 400க்குப் போக வேண்டாம். டாக்டர் சொல்லாமல் ஒரு நாளைக்கு 1200ஐத் தாண்டக் கூடாது. மூன்று நாளில் வலி போகவில்லை என்றால் மாத்திரையை மாற்றாமல் டாக்டரைப் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் முழுதாகக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே புண்ணாக்கும். டைக்ளோஃபெனாக் சட்டப்படி டாக்டர் சீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டியது, அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும். கர்ப்பிணிகள் ஐந்து மாதத்துக்கு மேல் இந்தக் கூட்டத்தையே தொட வேண்டாம்.

கடலோரம்_நாகை | ஜூன் 27, காலை 11.45

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழைக்கு டெங்கு வரும். காய்ச்சலோடு உடம்பு முறித்துப் போடும் வலி, ஆட்கள் ஓடிப்போய்ச் செட் வாங்குவார்கள். அப்போது பாராசிட்டமால் மட்டும்தான். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது, தட்டணு குறைந்திருக்கிற நேரத்தில் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். எங்கள் தெருவில் நான் இதை மைக் வைத்துச் சொல்லாத குறை.

வெண்ணாற்றங்கரை | ஜூலை 9, இரவு 8.55

எல்லோருக்கும் நன்றி. தாமதமாகத்தான் எழுத முடிந்தது. சுகாதார நிலைய டாக்டர் பொட்டலத்தைப் பார்த்ததும் தலையில் கைவைத்தாராம். பிரஷர் 160க்கு மேல். ரத்தம் எடுத்துச் சிறுநீரகமும் பார்த்தார்கள், அது நன்றாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 10தான். நாலு வாரத்துக்கு பான்டோபிரசோல், வலிக்கு பாராசிட்டமால், குனிந்து செய்கிற வேலைக்குப் பத்து நாள் ஓய்வு. பத்து நாளை அம்மா நாலு நாளாக்கிவிட்டார். இப்போது நடுவதில்லை, நாற்றுமுடி எடுத்துக் கொடுக்கிறார், கூலி கொஞ்சம் குறைவு. எரிச்சல் நின்றுவிட்டது.

"இந்த மாத்திரையில அந்த வேகம் இல்ல" என்பது மட்டும் தினமும் நடக்கிற புகார். மீதி இருந்த செட் பொட்டலங்களைக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். நேற்று தங்கை தாளிக்கப் போயிருக்கிறாள், கடுகு டப்பாவுக்குள் ஒன்று இருந்திருக்கிறது.

கவுண்டருக்குப்_பின்னால் | ஜூலை 9, இரவு 9.20

ஒன்றுதானா? வெந்தய டப்பாவையும் பார்க்கச் சொல்லுங்கள்.